குன்வோர் எழுதிய நாலாவது பெயர்

டிவியில் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, யாருக்குத் தங்கம், யாருக்கு வெள்ளி என்று அளந்துவிடுகிறார்களே, அந்த நிபுணர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் ஒருத்தனாவது அன்றைக்குக் காலையில் பனியைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பானா? என் பெயர் பியார்னே. நூர்லியா என்கிற எங்கள் ஊரில் முப்பத்தோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். கடையில் பால் வைக்கிற குளிர்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில், பனிச்சறுக்கு உலகப் போட்டி நடக்கும் நாட்களில் ஒரு தாள் தொங்கும். அதை எழுதுகிறவள் குன்வோர். அவள் தாளைப் பார்த்துப் பழகியவனுக்கு டிவிக்காரன் பேச்சு காதில் ஏறாது.

குன்வோருக்கு ஐம்பத்தாறு வயது. குளிர்காலத்தில் எங்கள் ஸ்கீ மன்றத்துக்காக, சறுக்கி ஓடுகிறவர்களுக்குப் பனியை அழுத்தித் தடம் போடும் வண்டியை ஓட்டுகிறாள். ஊர் எழுந்து காபி போடுவதற்குள் காட்டுக்குள் இருபது கிலோமீட்டர் தடம் போட்டு முடித்திருப்பாள். கோடையில் மரம் அறுக்கும் மில்லில் வேலை. தெற்குக் கடற்கரையிலிருந்து ஒருத்தன் வந்து அவளைக் கட்டிக்கொண்டான், நல்ல மனுஷன். ஆறு குளிர்காலம் தாங்கினான். “வெளியிலயும் பனி, டிவியிலயும் பனி, சாப்பாட்டு மேஜையிலயும் பனியப் பத்திதான் பேச்சு, என்னால ஆகாது குன்வோர்” என்று சொல்லிவிட்டுத் தன் படகுக்கே திரும்பிப் போய்விட்டான். சண்டையெல்லாம் கிடையாது. இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி மீன் அனுப்புகிறான்.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். பந்தயத்தை டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். யார் முன்னால் போகிறார்கள் என்பது அவளுக்கு முக்கியமில்லை. மேடு ஏறும்போது கால் உதைப்பதைப் பார்ப்பாள். உதைத்த கால் பின்னால் வழுக்குகிறதா, பிடிக்கிறதா? ஒவ்வொரு ஆளுக்கும் நோட்டில் ஒரு பக்கம். அன்றைய பனி எத்தனை டிகிரி, புதுப்பனியா பழம்பனியா, அதில் அந்த ஆள் எத்தனையாவது. அவ்வளவுதான் இருக்கும். பந்தயத்துக்கு முந்தின நாள், போட்டி நடக்கிற ஊரின் வானிலையைப் பார்ப்பாள், நோட்டைப் புரட்டுவாள், மூன்று பெயர் எழுதுவாள். பெரும்பாலும் மூன்றில் இரண்டு பெயராவது சரியாக விழும்.

ஊரில் மற்றவர்களும் சீட்டெழுதுவார்கள். ஒரு பந்தயத்துக்கு மூன்று பெயர் எழுதி, கடையில் இருக்கிற பழைய காபி டப்பாவில் போட வேண்டும். முந்தின நாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு டப்பாவை நான் மூடி ஒட்டிவிடுவேன். அதற்கப்புறம்தான் குன்வோர் தாள் சுவரில் ஏறும், இல்லாவிட்டால் எல்லாரும் அதைப் பார்த்தே காப்பியடித்துவிடுவார்கள். போட்டி முடிந்ததும் அதிகம் சரியாகச் சொன்னவருக்கு, உப்புப் போட்டு உலர்த்தின முழு ஆட்டுத்தொடை பரிசு. பஸ் ஓட்டுகிற ஷெல் என்ற ஒருத்தன் இருக்கிறான், எந்தப் பந்தயமானாலும் மூன்று பெயரையும் நம் நாட்டுக்காரர்களாகவே எழுதுவான். கேட்டால், “ஸ்வீடன்காரி பேர எழுதறதுக்கு என் பேனாவுல மை வராது” என்பான். அப்படி எழுதியே மூன்று தடவை தொடையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், வெட்கங்கெட்டவன்.

ஆனால் குன்வோரிடம் ஒரு விரதம் உண்டு. நூர்லியாக்காரர் யாராவது ஓடுகிற பந்தயத்துக்கு அவள் தாள் எழுத மாட்டாள். அதற்குக் காரணம் அவள் தம்பி ஸ்டைனார்.

இருபத்தாறு வருஷத்துக்கு முந்தின கதை. அப்போது ஸ்டைனார் நாட்டுக்காக ஓடின ஆள், வயது இருபத்தாறு. எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து உலகப் போட்டிக்குப் போன முதல் பையன். பதினைந்து கிலோமீட்டர் பந்தயத்துக்கு முந்தின நாள், என் கடையில் நிற்க இடமில்லை. அவர்கள் அம்மா வாஃபிள் சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். குன்வோர் தாளை ஒட்டினாள். முதல் பெயர் ஸ்டைனார். நாங்கள் போட்ட கூச்சலில் சீலிங்கே பெயர்ந்திருக்கும். யாரோ ஓடிப்போய் அவனுக்குப் போன் போட்டும் சொன்னார்கள். மறுநாள் பூஜ்யம் டிகிரி, பொலபொலவென்று புதுப்பனி. ஸ்டைனார் தங்கம் வாங்குகிறவன் வேகத்தில் கிளம்பினான். நாலாவது கிலோமீட்டரில் அவன் ஸ்கீக்கு அடியில் பனி அப்பிக்கொண்டது. கட்டைச் செருப்பு மாட்டினவன் மாதிரி டக்கு டக்கென்று நடந்தான், பாவம். நாற்பத்தோராவது இடம். அடுத்த வருஷம் ஓடுவதையே விட்டுவிட்டான். அக்காவிடம் பேசுவதை ஊர் திரும்பின கையோடு விட்டுவிட்டிருந்தான்.

அவள் பெயரை எழுதினதால்தான் கண் பட்டுவிட்டது, அதனால்தான் அவனுக்குக் கோபம் என்று ஊர் முழுக்க நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே ஊர், இரண்டு வீட்டுக்கும் நடுவில் நானூறு மீட்டர் இருக்காது. எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டுவான். அம்மா செத்த அன்றைக்கும் அப்படித்தான், சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். இரண்டு பேருடைய மண்டையையும் பிடித்து முட்டவிடலாமா என்று தோன்றும்.

இந்த ஸ்டைனாரின் மகள்தான் இங்வில். இருபத்துநாலு வயது. நாட்டுக்காக ஓட ஆரம்பித்து நாலு வருஷமாகிறது. இந்தக் குளிர்காலத்தில் அவள் தொட்டதெல்லாம் ஜெயம். உலகப் போட்டி நெருங்க நெருங்க, பத்து கிலோமீட்டரில் தங்கம் இங்விலுக்கே என்று எல்லாப் பத்திரிகையும் எழுதித் தீர்த்தது. எங்கள் நாட்டில் தங்கம் என்று சொல்லிவிட்டால் அது பாராட்டு இல்லை, கட்டளை. வெள்ளி வாங்கினால்கூட, “என்னம்மா தப்பு நடந்துச்சு?” என்று மைக்கை நீட்டுவார்கள்.

போட்டிக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் அவள் என் கடைக்கு வந்தாள். குன்வோர் அப்போது வண்டிக்கு எண்ணெய் வாங்க வந்து நின்றிருந்தாள்.

“அத்தை, பத்து கிலோமீட்டருக்கு இந்தத் தடவ தாள் எழுதுங்க.”

“அதெல்லாம் வேணாம்மா. நீ ஓடற பந்தயத்துக்கு நான் எழுதறதில்ல, உனக்குத் தெரியாதா?”

“தெரியும். இருந்தாலும் எழுதுங்க. கோச்சு தங்கம்ங்கறாரு, பேப்பர்காரன் தங்கம்ங்கறான், பல்லு பாக்கப் போனா டாக்டரும் வாயத் தொறக்கச் சொல்லிட்டுத் தங்கம்ங்கறாரு. எனக்கு சாப்பாடு எறங்கல அத்தை. ஒருத்தராவது எனக்கு நெசத்தச் சொல்லணும்.”

குன்வோர் எண்ணெய் டப்பாவின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். ஏற்கெனவே மூடியிருந்த மூடி அது.

“ஆனா அப்பாவுக்கு எழுதின மாதிரி எனக்கு எழுதிராதீங்க” என்றாள் இங்வில். “அப்பா எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாரு.”

குன்வோரின் முகம் வெளுத்துப்போனது. இந்தப் பெண்ணும் கண்பட்ட கதையைத்தான் சொல்லிக் காட்டுகிறாள் என்று நினைத்து எனக்குக் கோபமே வந்தது. “ஏம்மா, அத்தைய ஏன் குத்துற?” என்றேன். இங்வில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அத்தையைக் கட்டிப்பிடித்து முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பத்து கிலோமீட்டருக்கு முந்தின நாள் வந்தது. பன்னிரண்டு மணிக்கு டப்பாவை மூடினேன். இங்வில் பெயர் முதலில் இல்லாத சீட்டு அதில் ஒன்றுகூட இல்லை என்று பந்தயமே கட்டுவேன், நானே அப்படித்தான் எழுதியிருந்தேன். பன்னிரண்டே காலுக்குக் குன்வோர் வந்தாள். அவள் கையில் தாளைப் பார்த்ததும் எல்லாரும் சுவர்ப் பக்கம் நகர்ந்தார்கள். நாலு மூலையிலும் பசைநாடா ஒட்டிவிட்டு அவள் தள்ளி நின்றாள்.

ஒன்று, ஒரு ஸ்வீடன்காரி. இரண்டு, பின்லாந்துக்காரி. மூன்று, இன்னொரு ஸ்வீடன்காரி. அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே: நாலு, இங்வில்.

அந்தத் தாளில் அதுவரை நாலாவது பெயர் என்று ஒன்று இருந்ததே இல்லை. நாலாவது இடம் என்ன இடம்? மெடலும் இல்லை, மேடையும் இல்லை. நாற்பதாவது வந்தவளுக்காவது மனசு ஆறும், நாலாவது வந்தவளுக்கு ஆயுசுக்கும் ஆறாது.

ஷெல்தான் முதலில் வாயைத் திறந்தான். “ஏம்மா குன்வோர், ஒனக்கு அவ சொந்தமா, ஆகாதவளா?”

“தம்பி மக” என்றாள் குன்வோர்.

“அதத்தான் கேக்கறேன். ரெண்டு ஸ்வீடன்காரிக்கு எடம் இருக்கு, கூடப்பொறந்த தம்பி மகளுக்கு எடம் இல்லியா?”

“நாளைக்கு அங்க பூஜ்யம் டிகிரி. காலையிலேர்ந்து புதுப்பனி. அப்பிடிப்பட்ட பனியில அவ இதுவரைக்கும் ஏழு தடவ ஓடியிருக்கா. அதிகபட்சம் அஞ்சாவது. இப்ப முன்னவிட நல்லா ஓடறா, அதனால நாலு. நான் என்ன பண்ணட்டும், பனிய மாத்தட்டுமா?”

அந்த நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது. ஸ்டைனார் உள்ளே வந்தான். யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும், மேல்கோட்டைக்கூடப் பொத்தான் போடாமல் வந்திருந்தான். நேராகச் சுவரிடம் போனான். படித்தான். காது மடல் சிவந்தது. திரும்பி, இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் அக்காவிடம் முதல் வார்த்தை பேசினான்.

“நாலா?”

“நாலு” என்றாள் அவள்.

“இத அவகிட்ட சொல்லிட்டியா?”

“அவதான் கேட்டா. படம் புடிச்சு அனுப்பிட்டேன்.”

ஸ்டைனார் தாளை ஒரு தரம், அவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு வந்த வழியே போய்விட்டான். வாங்க வந்தவர்கள் பாதிப்பேர் வாங்காமலே கலைந்தார்கள். குன்வோர் ஒரு லிட்டர் பால் எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தாள்.

“பியார்னே, அவ நாலாவதுக்கும் கீழ போனா, எங்கிட்டயிருந்து அவளும் போயிருவா” என்றாள். “வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்.”

பாலைப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் மன்றக் கூடத்தில் பெரிய திரை. காபி, வாஃபிள், பழுப்புச் சீஸ், ஆரஞ்சு, எல்லாம் வழக்கம்போலத்தான். குன்வோர் மட்டும் சுவரோரக் கடைசி நாற்காலியில், மடியில் நோட்டுடன் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலி. ஸ்டைனார் எதிர்மூலையில் நின்றுகொண்டிருந்தான், உட்காரவே இல்லை.

அது ஒருவர் பின் ஒருவராக அரை நிமிஷ இடைவெளியில் கிளம்பி, கடிகாரத்தோடு போட்டி போடுகிற பந்தயம். திரையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது, குன்வோர் சொன்ன மாதிரியே. பல பேருக்கு ஸ்கீக்கு அடியில் அப்பிக்கொண்டது. இங்வில் மெதுவாகக் கிளம்பினாள். இரண்டாவது கிலோமீட்டரில் பதினோராவது.

“தூங்கறாளா?” என்று கத்தினான் ஷெல். “ஓடும்மா!”

“சரியா போறா” என்று குன்வோர் தனக்குத்தானே முணுமுணுத்தாள். “அவசரப்படாத. உதை புடிக்குது பாரு. அப்பிடியே போ.”

ஐந்தாவது கிலோமீட்டரில் ஒன்பது. எட்டாவதில் ஐந்து. கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தங்கத்துக்கென்று பாய்ந்தவர்கள் எல்லாம் மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, இவள் அதே உதை, அதே வேகம். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது மூன்றாவது நேரம்! நாங்கள் போட்ட கூச்சலில் காபி கொட்டியது. ஆனால் ஒரே ஒருத்தி இன்னும் தடத்தில் இருந்தாள். குன்வோர் தாளில் மூன்றாவதாக இருந்த அதே ஸ்வீடன்காரி.

கடைசி மேட்டில் அவளும் இங்விலும் சம நேரம். அப்போது பின்னாலிருந்து ஒரு நாற்காலி தடாலென்று விழுந்தது. திரும்பிப் பார்த்தோம். குன்வோர் எழுந்து நின்று, நோட்டைச் சுருட்டித் திரையைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“விழுடி! வழுக்கி விழு! ஒன் ஸ்கீ அடியில கட்டி கட்டியா அப்பிக்க! என் கணக்கு நாசமாப் போக!”

பந்தயம் பார்க்கையில் அவள் சத்தம் போட்டு நான் கண்டதில்லை. தான் எழுதின பெயரையே அவள் சபித்துக்கொண்டிருந்தாள். ஸ்டைனார் அந்த மூலையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். திரையைப் பார்க்கவே இல்லை அவன்.

ஸ்வீடன்காரி விழவில்லை. இரண்டு நொடி முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். இங்வில் நாலு.

குன்வோர் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். திரையில் மைக்கைப் பிடித்த ஒருத்தன், எழவு வீட்டுக்கு வந்தவன் முகத்தோடு இங்விலிடம் போனான். “தங்கம் எதிர்பாத்தோம், நாலாவது, ரொம்ப வருத்தமா இருக்கும் இல்லியா?” என்றான்.

இங்வில் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். முடியெல்லாம் பனி.

“வருத்தமா? இல்ல. ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னிக்குதான் நிம்மதியா இருக்கு. எங்க ஊர்க் கடைச் சுவத்துல நான் நாலுன்னு போட்டிருக்கு. எங்க அத்தை எழுதினது. இந்தப் பனியில என்னால ஆகக்கூடியது இவ்ளோதான்னு அவங்களுக்குத் தெரியும். தங்கத்துக்குப் போறேன்னு கெளம்பியிருந்தா பாதி வழியில படுத்திருப்பேன். நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன் தெரியுமா!”

கூடத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அப்பாடா என்று இருந்தது.

ஸ்டைனார் கூடத்தைக் கடந்து வந்தான். விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி அக்காவை உட்கார வைத்தான். பக்கத்துக் காலி நாற்காலியில் தானும் உட்கார்ந்தான்.

“அன்னிக்கு நாற்பத்தோராவது வந்தது எனக்குப் பெருசில்ல அக்கா” என்றான். “ஊருக்குத் திரும்பி வந்து ஒன் நோட்ட எடுத்துப் பாத்தேன். எனக்குன்னு இருந்த பக்கத்துல ஒன் கையெழுத்துல எழுதியிருந்துச்சு: பூஜ்யம் டிகிரி, புதுப்பனி, வாய்ப்பே இல்ல. அது தெரிஞ்சும் என்ன மொதல்ல எழுதினியே. ஒன் தாள நம்பித்தான் நான் அப்பிடிப் பாஞ்சேன்.”

“அம்மா வாஃபிளோட நின்னா” என்றாள் குன்வோர். “எல்லாரும் எம் மூஞ்சியப் பாத்தாங்க. நெசத்த எழுத மனசு வரலடா. பாசத்துல பொய் எழுதிட்டேன்.”

“இவளுக்குப் பொய் எழுதலியே.”

“எழுதணும்னு கை பரபரத்துச்சு. ஒன்ன நெனச்சுதான் எழுதல.”

ஸ்டைனார் ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தான். பாதியை அவளிடம் நீட்டினான். இரண்டு பேரும் தின்றார்கள்.

“சனிக்கிழம முப்பது கிலோமீட்டர் இருக்கே” என்றான் மெல்ல. “அங்க மைனஸ் பதினொண்ணு வரும்ங்கறாங்க.”

“மைனஸ் பன்னெண்டு. பழம்பனி. தடம் கல்லு மாதிரி இருக்கும்.” குன்வோர் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தை அவன் பக்கமாகத் திருப்பினாள். என்னால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? இங்வில் பக்கம் அது. மைனஸ் பத்துக்குக் கீழே, பழம்பனி என்று வந்த இடத்தில் எல்லாம் ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று.

“நெசமாவா அக்கா?”

“நெசமாத்தான்.”

முந்தின நாள் அவள் நாலு என்று எழுதாமல் இருந்திருந்தால் அவன் இதை நம்பியிருப்பானா? அவன் அந்த இடத்திலேயே மகளுக்குப் போன் போட்டான். “அத்தை ஒனக்கு ஒண்ணுன்னு போடப் போறா” என்றான். “அப்பிடின்னா சரி” என்று இங்வில் சொன்னது எனக்கே கேட்டது.

சனிக்கிழமை அவள் இரண்டாவது வந்தாள். வெள்ளி. ஊரே தெருவில் இறங்கிவிட்டது, ஷெல் பஸ்ஸின் ஹாரனை அடித்தே தீர்த்தான். திங்கட்கிழமை காலை குன்வோர் பால் வாங்க வந்தபோது ஸ்டைனார் சுவரில் இருந்த தாளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

“என்னக்கா, ஒரு எடம் தப்பிருச்சே? வயசாயிருச்சா, கண்ணு தெரியலயா? நோட்ட எங்கிட்டக் குடுத்துட்டு வீட்ல ஒக்காரு” என்றான்.

“போடா, நாப்பத்தொண்ணு” என்றாள் குன்வோர்.

அவன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. அதை நான்தான் குனிந்து எடுத்து, தூசி தட்டி, வேறு ரொட்டி எடுத்துக் கொடுத்தேன். பால் பையை அக்கா கையிலிருந்து அவன் வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் ஒன்றாகவே வெளியே போனார்கள்.